சாட்ஸ்வொர்த்: கண்ணாடி வீடு போச்சு, வாழை நின்னுச்சு

ஒரு வாழைப்பழத்தில் ஆரம்பிக்கிறேன். மாளிகைக்கு அப்புறம் போவோம்.

பழக்கடையில் ரஸ்தாளி, பூவன், கற்பூரவல்லி என்று தொங்குகிற தார்களுக்கு நடுவே மோரிஸ் என்று ஒன்று தொங்கும். மொரீஷியஸ் தீவின் பெயர்தான் நம் வாயில் தேய்ந்து மோரிஸ் ஆச்சு. தாவரவியல் புத்தகத்தில் அதற்குக் கேவண்டிஷ் என்று பெயர். இப்போது தேனிப் பக்கம் ஏக்கர் கணக்கில் நிற்கிற ஜி-9 வாழையும் இதே கேவண்டிஷ் வகையறாதான். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ சூப்பர்மார்க்கெட்டில் வாழைப்பழம் என்று எதை எடுத்தாலும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

சரி, யார் இந்தக் கேவண்டிஷ்? வாழை ஆராய்ச்சி செய்த விஞ்ஞானியா? இல்லை. வட இங்கிலாந்தை நோக்கிப் போகிற வழியில், டெர்பிஷயர் மலைப்பகுதியில் பரம்பரையாக வாழ்ந்த ஒரு பிரபு குடும்பத்தின் பெயர் அது. அங்கே ஒரு வாழையைப் பனிக்காலத்தில் ஒரு ராத்திரி வெளியே நிறுத்தினால் காலையில் கருகிக் கிடக்கும். அந்த ஊர்ப் பெயர் எப்படி வாழைக்கு வந்தது என்று தேடப் போனதில் கிடைத்த கதைதான் இது.

அந்தக் குடும்பத்தின் வீடு சாட்ஸ்வொர்த். வீடு என்றால், 126 அறைகள். முன்னால் டெர்வென்ட் ஆறு, பின்னால் காடு ஏறும் குன்று, வீட்டைச் சுற்றி 105 ஏக்கர் தோட்டம், அதற்கு வெளியே மான் மேயும் புல்வெளி. குடும்பத் தலைவருக்கு டெவன்ஷயர் டியூக் என்று பட்டம். பட்டம் டெவன்ஷயர், இருப்பது டெர்பிஷயர்! இங்கிலாந்துப் பட்டங்களில் இந்தக் குழப்பம் சகஜம்.

ஆரம்பத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். எட்டாம் ஹென்றி காலத்தில் மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்தைக் கணக்கெடுத்த அதிகாரிகளில் ஒருவர் வில்லியம் கேவண்டிஷ். அந்த வேலையில் அவரும் நன்றாகவே சம்பாதித்தார். மனைவி பெஸ் டெர்பிஷயர்க்காரி. ‘எங்க ஊர்ப் பக்கமே நிலம் வாங்கலாம்’ என்று அவரை இங்கே கொண்டுவந்தவர் இந்த அம்மாதான். 1549ல் 600 பவுண்டுக்கு வாங்கினார்கள். 1552ல் கட்ட ஆரம்பித்தார்கள். பெஸ் நாலு கல்யாணம் செய்து, ஒவ்வொன்றிலும் சொத்தைக் கூட்டிக்கொண்டே போனவர். நாலாவது கணவரின் காவலில்தான் ஸ்காட்லாந்து ராணி மேரி கைதியாக இருந்தார். பலமுறை இந்த வீட்டிலும் தங்கவைக்கப்பட்டார். இன்று நிற்கிற மாளிகை பெஸ் கட்டியது அல்ல. அவருக்குப் பிந்தைய தலைமுறையில் வந்த முதல் டியூக் 1687ல் தொடங்கி இருபது வருஷம் இடித்து இடித்துக் கட்டியது.

தோட்டத்துக்கு வருவோம். முதல் டியூக் காலத்தில் தோட்டம் என்றால் பிரெஞ்சு பாணி: எல்லாம் நேர்கோடு, கத்தரித்த செடி, நீரூற்று. குன்றுச் சரிவில் 24 படிகள் அமைத்து அதில் தண்ணீர் வழிந்து வரச் செய்தார்கள். படிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாததால் தண்ணீரின் சத்தமும் படிக்குப் படி மாறும். அடுத்த நூற்றாண்டின் நடுவில் ஃபேஷன் மாறிவிட்டது. நேர்கோடு பார்த்தாலே முகம் சுளித்தார்கள். தோட்டம் இயற்கையாக இருக்க வேண்டுமாம். நாலாவது டியூக் அந்தக் காலத்தின் பெரிய கை, ‘கேப்பபிலிட்டி’ பிரவுனை வரவழைத்தார். பிரவுன் நேர்கோட்டுப் பாத்திகளைப் புல்லாக்கினார், ஆற்றின் போக்கைத் திருத்தினார், மேட்டைச் சீவினார், மரங்களைக் கும்பல் கும்பலாக நட்டார். இன்று அங்கே போகிறவர்கள் ‘ஆகா, என்ன இயற்கை!’ என்று படம் எடுப்பது, ஆள் வைத்து மண் அள்ளிச் செய்த இந்த இயற்கையைத்தான்.

அந்த இயற்கைக் காட்சிக்குள் ஒரு கிராமம் இருந்தது. ஈடன்ஸர் என்று எழுதி என்ஸர் என்று சொல்வார்கள். மாளிகை ஜன்னலில் இருந்து பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அதன் வீடுகள் தெரியும். நாலாவது டியூக் காலத்தில் பாதி அகற்றப்பட்டது. மீதியின் கதை பின்னால் வரும்.

இந்த ஆட்டத்துக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் ‘கன்ட்ரி ஹவுஸ்’ என்பது புரியும். அது வெறும் வீடு இல்லை, ஒரு வசூல் மையம். சுற்றிலும் உள்ள பண்ணைகளின் குத்தகை, சுரங்கங்களின் வருமானம், வேறு மாவட்டங்களிலும் அயர்லாந்திலும் இருந்த நிலங்களின் வாடகை எல்லாம் அங்கே வந்து சேரும். எக்டன் என்ற ஊரில் இருந்த செப்புச் சுரங்கம் மட்டுமே இந்தக் குடும்பத்துக்கு அள்ளிக் கொடுத்தது. ஆறாவது டியூக் 1811ல் 21 வயதில் பட்டத்துக்கு வந்தபோது, பல மாளிகைகளும் சுமார் இரண்டு லட்சம் ஏக்கரும் கையில். கூடவே, சூதாட்டத்தில் கடன் வாங்கியே பெயர் வாங்கிய ஜார்ஜியானா அவருடைய அம்மா. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காது சரியாகக் கேட்காது. கையில் காசு நிற்காது.

லண்டன் பக்கம் சிஸிக் என்ற இடத்தில் அவருக்கு இன்னொரு வீடு. அதை ஒட்டிய நிலத்தைத் தோட்டக்கலைச் சங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். சங்கத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பையன், டியூக் நடைக்கு வரும்போது கதவைத் திறந்துவிடுவான். டியூக் காதில் விழுகிற மாதிரி நிறுத்திப் பேசுவான். பெட்ஃபர்ட்ஷயர் விவசாயக் குடும்பத்தில் ஏழாவது மகன். பெயர் ஜோசப் பாக்ஸ்டன். 1826ல், இன்னும் 23கூட ஆகாத அவரை, டியூக் சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரராக வரச் சொல்லிவிட்டு ரஷ்யாவுக்குக் கிளம்பிவிட்டார். புது ஜார் நிக்கலஸின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிலாந்தின் தூதர் அவர்தான்.

பாக்ஸ்டன் வேலையில் சேர்ந்த முதல் நாளைப் பற்றி அவரே சொன்ன கதை ஒன்று உண்டு. மே 9, விடியற்காலை நாலரை மணிக்கு வந்து சேர்கிறார். கதவு பூட்டியிருக்கிறது. சுவர் ஏறிக் குதிக்கிறார். தோட்டம் முழுக்க ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறார். ஆறு மணிக்கு ஆட்கள் வந்ததும் வேலை கொடுத்துவிட்டார். நீரூற்றுகளைத் திறந்துவிடச் சொல்லிப் பார்க்கிறார். பிறகு வீட்டு நிர்வாகி கிரெகரி அம்மாளோடு காலைச் சாப்பாடு. அங்கே அந்த அம்மாவின் உறவுக்காரப் பெண் சாரா பவுன் இருந்தார். பார்த்த உடனே காதல், இரண்டு பக்கமும். இதெல்லாம் முடிந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லையாம். கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கும்னு எனக்குத் தோணுது, ஆனா அடுத்த வருஷமே அந்தக் கல்யாணம் நடந்தது உண்மை. சாரா வெறும் மனைவியாக இருக்கவில்லை. டியூக் பாக்ஸ்டனைக் கூட்டிக்கொண்டு 1838ல் இத்தாலி, கிரீஸ், துருக்கி என்று சுற்றப் போனபோது சாட்ஸ்வொர்த்தில் ஆட்களையும் கணக்கையும் பார்த்துக்கொண்டது சாராதான். பாக்ஸ்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த அம்மாவை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

தோட்டக்காரரும் பிரபுவும் சேர்ந்துவிட்டார்கள். இருவருக்கும் செடிப் பைத்தியம் முற்றியது. முக்கியமாக ஆர்க்கிட். யாரிடமும் இல்லாத செடி தன்னிடம் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்துப் பிரபுக்களின் போட்டி. பர்மாவில் அம்ஹெர்ஸ்டியா என்று ஒரு மரம், சிவப்புச் சரமாகத் தொங்கும் பூ. அதைக் கொண்டுவர 1835ல் ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரரைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர் காசி மலையில் ஏறி, ஆர்க்கிடுகளைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்துக்கொண்டு 1837ல் திரும்பினார். அம்ஹெர்ஸ்டியாவும் வந்தது. டியூக் மகிழ்ந்துபோனார். ஆனால் இங்கிலாந்தில் அது முதலில் பூத்தது 1849ல், ஈலிங்கில் லூயிசா லாரன்ஸ் என்ற அம்மாவின் தோட்டத்தில். செடிக்குப் பட்டமெல்லாம் தெரியுமா என்ன?

கிப்சன் பிழைத்து வந்தார். எல்லோரும் அப்படி வரவில்லை. 1838ல் ராபர்ட் வாலஸ், பீட்டர் பேங்க்ஸ் என்ற இரண்டு சாட்ஸ்வொர்த் தோட்டக்காரர்களை வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு, ஊசியிலை மரங்களின் விதை சேர்க்க அனுப்பினார்கள். அதே வருஷம் அக்டோபரில் கொலம்பியா ஆற்றில் படகு கவிழ்ந்து இரண்டு பேரும் செத்துப்போனார்கள். கரை சேரவே இல்லை. சாட்ஸ்வொர்த்தின் பெருமையைப் பேசும்போது இந்த இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வெப்பநாட்டுச் செடி வந்தால் வைக்க இடம் வேண்டுமே. 1836ல் ஆரம்பித்து 1840ல் முடிந்தது பெரிய கண்ணாடி வீடு. நீளம் 277 அடி, அகலம் 123 அடி, உயரம் 67 அடி. நடுவில் இரட்டைக் குதிரை வண்டி போகிற பாதை. தரைக்குக் கீழே எட்டு பாய்லர்கள். வெந்நீர் ஓடும் குழாய்களின் மொத்த நீளம் ஏழு மைல். நிலக்கரி மூட்டை கண்ணில் பட்டால் அழகு கெட்டுவிடும் என்று, கரி கொண்டுவரத் தனியாகச் சுரங்கப்பாதை வெட்டி அதில் சின்னத் தண்டவாளம் போட்டார்கள். புகையையும் நிலத்துக்கடியில் இழுத்துக்கொண்டு போய் மேலே காட்டுக்குள் ஒரு புகைபோக்கியில் விட்டார்கள். உள்ளே நடக்கிறவருக்கு ஈச்ச மரமும் ஈரக் காற்றும் மட்டும் தெரியும். காலுக்குக் கீழே கரி அள்ளிப் போடுகிற ஆள் தெரியமாட்டார். 1843 டிசம்பரில் விக்டோரியா ராணி வந்தபோது 12,000 விளக்குகள் ஏற்றி, அதற்குள் வண்டியிலேயே அழைத்துப் போனார்கள்.

நம்ம வாழை இதற்குள் வந்துவிட்டது. தென்சீனாவில் இருந்த ஒரு குட்டை வாழை மொரீஷியஸுக்குப் போய், அங்கிருந்து 1829ல் இங்கிலாந்தில் ஒரு தோட்டப் பிரியரிடம் வந்தது. அவரிடமிருந்து பாக்ஸ்டன் ஒரு கன்று வாங்கினார். அகலமான குழியில் வளமான மண், நிறையத் தண்ணீர், விடாத சூடு என்று குழந்தை மாதிரி வளர்த்தார். 1835 நவம்பரில் பூ விட்டது. அடுத்த வருஷம் அந்தக் குலை தோட்டக்கலைச் சங்கத்துக் கண்காட்சியில் பதக்கம் வாங்கியது. முதலாளியின் குடும்பப் பெயரையே செடிக்கு வைத்தார்: மூசா கேவண்டிஷி.

குட்டையாக இருந்ததுதான் அதன் அதிர்ஷ்டம். மற்ற வாழைகள் கூரையை முட்டும். இது பெட்டிக்குள்ளும் அடங்கும், காற்றுக்கும் சாயாது. ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் பசிபிக் தீவுகளுக்குக் கிளம்பும்போது டியூக் அவருக்குச் சில கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். வழியில் செத்தது போக ஒன்று சமோவாவில் பிழைத்தது. 1839ல் வேறொரு தீவில் வில்லியம்ஸ் கொல்லப்பட்டார். வாழை அங்கிருந்து டோங்கா, ஃபிஜி என்று பக்கக்கன்று பக்கக்கன்றாகப் பரவியது. உலகத்துக் கேவண்டிஷ் அத்தனையும் இந்த ஒரு மரத்துப் பிள்ளைகள் என்று இணையத்தில் எழுதுகிறார்கள். அது மிகை. சீனாவில் இருந்து பல வழியாக அது பரவியிருக்கிறது. நம்ம மோரிஸ் தன் பெயரிலேயே வேறு வழியைச் சொல்கிறது. சாட்ஸ்வொர்த் தந்தது பெயரையும், பசிபிக் கிளையையும்.

இப்போது அந்தப் பாதிக் கிராமத்துக்கு வருவோம். 1838 முதல் ஆறாவது டியூக்கும் பாக்ஸ்டனும் சேர்ந்து ஈடன்ஸரில் மிச்சமிருந்த வீடுகளையும் அகற்றி, மேட்டுக்குப் பின்னால் மாளிகையின் கண்ணுக்குப் படாத இடத்தில் புது ஊர் கட்டினார்கள். ஒரு வீடு சுவிஸ் பாணி, அடுத்தது இத்தாலி பாணி, அதற்கடுத்தது கோட்டை மாதிரி. வடிவப் புத்தகத்தைப் புரட்டின டியூக்குக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றிலும் ஒன்று கட்டச் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. வீடுகள் திடமானவை, இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பழையதைவிட வசதிதான். ஆனாலும், எதிர்வீட்டுக்காரர் பார்வைக்கு இடைஞ்சல் என்று ஓர் ஊரே நகர்ந்தது என்பதை என்னால் சாதாரணமாக வாசித்துப் போக முடியவில்லை. பழைய ஊரின் ஒரே ஒரு வீடு மட்டும் புல்வெளி நடுவே தனியாக நிற்கிறது.

அதே ஆவேசத்தில் அடுத்த செலவு. 1844ல் ஜார் நிக்கலஸ் இங்கிலாந்து வருகிறார் என்று தெரிந்ததும், ரஷ்யாவில் அவர் வைத்திருந்த நீரூற்றைவிட உயரமாக ஒன்று வேண்டும் என்றார் டியூக். மேலே மேட்டு நிலத்தில் எட்டு ஏக்கருக்கு ஏரி வெட்டினார்கள். ராத்திரியில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு வேலை. பம்பு கிடையாது, ஏரியின் உயரமே அழுத்தம். தண்ணீர் 296 அடி வரை பீய்ச்சி அடித்தது. ஜார் இங்கிலாந்துக்கு வந்தார். சாட்ஸ்வொர்த்துக்கு வரவில்லை. ‘பேரரசர் ஊற்று’ என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஐம்பது வருஷம் கழித்து இந்தத் தண்ணீரை வைத்தே வீட்டுக்கு மின்சாரம் எடுத்தார்கள் என்பது தனிக் கதை.

இதற்குள் கடன் கிட்டத்தட்டப் பத்து லட்சம் பவுண்டு. யார்க்ஷயரில் ஒரு பெரிய எஸ்டேட்டை ரயில் முதலாளி ஜார்ஜ் ஹட்சனுக்கு விற்றுத்தான் மூச்சு விட்டார்கள். அந்த ரயிலே இன்னொன்றும் செய்தது. 1849ல் மூன்று மைல் தூரத்தில் இருந்த ரௌஸ்லி வரை தண்டவாளம் வந்ததும், அந்தக் கோடையில் மட்டும் 80,000 பேர் சாட்ஸ்வொர்த்தைப் பார்க்க வந்தார்கள். டியூக் கதவைச் சாத்தவில்லை. வருகிறவர் யாராக இருந்தாலும் ஊற்றுகளைத் திறந்துவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. மனுஷனைப் பிடிக்காமல் போவதற்கு நான் எவ்வளவோ காரணம் சேர்த்து வைத்திருந்தேன். இந்த இடத்தில் கொஞ்சம் இளகிவிட்டேன்.

அதே 1849ல் கியூ தோட்டத்தில் இருந்து ஓர் அமேசான் அல்லிக் கன்று வந்தது. கியூவில் பூக்க மறுத்தது இங்கே மூன்றே மாதத்தில் பூத்தது. ஒவ்வொரு இலையும் ஒரு பெரிய தாம்பாளம். பாக்ஸ்டன் தன் சின்ன மகள் ஆனியை இலைமேல் நிறுத்திக் காட்டினார், மூழ்கவில்லை. அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நரம்புகள்தான் அந்தப் பலம். அல்லிக்கென்று அவர் கட்டிய கண்ணாடி வீட்டின் மடிப்புக் கூரைதான், 1850ல் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து மை ஒற்றும் தாளில் அவர் கிறுக்கிய படத்துக்கு அடிப்படை. அடுத்த வருஷம் லண்டன் ஹைட் பூங்காவில் 1,848 அடி நீளத்துக்கு எழுந்த கிரிஸ்டல் பேலஸ் அதுதான். கதவு திறந்துவிட்ட பையன் சர் ஜோசப் ஆனார். டியூக் 1858ல் இறந்தார், பாக்ஸ்டன் 1865ல். இரண்டு பேர் கல்லறையும் ஈடன்ஸர் தேவாலயத்தில்தான்.

பெரிய கண்ணாடி வீடு முதல் உலகப்போரைத் தாண்டவில்லை. கரி கிடைக்கவில்லை, தோட்ட ஆட்கள் போருக்குப் போனார்கள், செடிகள் குளிரில் செத்தன. 1920ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். லேசில் விழவில்லை, திரும்பத் திரும்ப வெடி வைக்க வேண்டியிருந்தது. வைத்தவர் சார்லஸ் மார்க்கம், பாக்ஸ்டனின் மகள் வயிற்றுப் பேரன்.

வீட்டுக்கே ஆபத்து வந்தது 1950ல். மூத்த மகன் 1944ல் பெல்ஜியத்தில் போரில் இறந்துவிட்டதால், பத்தாவது டியூக் சொத்தை இளைய மகன் ஆண்ட்ரூவுக்காக எழுதி வைத்திருந்தார். எழுதி ஐந்து வருஷம் உயிரோடு இருந்தால் வாரிசு வரி கிடையாது. விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. ஐந்து வருஷம் ஆக இன்னும் 14 வாரம் இருந்தது. வரி 80 சதவீதம். ஆயிரக்கணக்கான ஏக்கர் போச்சு, ஓவியங்கள் போச்சு, பெஸ் கட்டிய ஹார்ட்விக் மாளிகை தேசிய அறக்கட்டளைக்குப் போச்சு. அந்தக் காலத்தில் இப்படி வரி கட்ட முடியாமல் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடித்து, கல்லையும் ஈயத்தையும் எடைக்குப் போட்டார்கள். சாட்ஸ்வொர்த் தப்பியதில் ஆண்ட்ரூவின் மனைவி டெபோராவுக்குப் பெரிய பங்கு. கோழி வளர்த்தார், பண்ணைக் கடை திறந்தார், தூசி படிந்த அறைகளை ஒவ்வொன்றாகச் சீர் செய்தார். 1981ல் வீட்டை ஓர் அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. டியூக் குடும்பம் இப்போது அதே வீட்டில் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறது.

கண்ணாடி வீடு நின்ற இடத்தில் யூ மரங்களை நட்டுச் சுற்றுப்புதிர் ஒன்று வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் வழி தெரியாமல் ஓடுகிறார்கள். கரி போன சுரங்கப்பாதை மட்டும் அப்படியே இருக்கிறது. உலகச் சந்தையில் ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த குரோஸ் மிஷேல் வாழையை 1950களில் பனாமா வாடல் நோய் காலி செய்தபோது, அந்த இடத்துக்கு வந்தது நோய் தாக்காத கேவண்டிஷ். இப்போது அதே நோயின் புது வகை கேவண்டிஷையே தின்கிறது; பீகார் வரை வந்தாச்சு. எல்லாம் கன்றிலிருந்து கன்று என்பதால் ஒன்றைத் தாக்கினால் மற்றதையும் தாக்கும். சாட்ஸ்வொர்த்தில் 1970ல் கட்டிய புதுக் கண்ணாடி வீட்டுக்குள் இன்னும் ஒரு கேவண்டிஷ் நிற்கிறது, குலை தள்ளிக்கொண்டு.